ஆறு வாரமா விடாத இருமல்: கஷாயமா, சிரப்பா? வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

இந்தத் தடவ வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல இருமல் தான். அதனால மத்த விஷயத்தை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு மொத்தப் பக்கத்தையும் இருமலுக்கே குடுத்துட்டேன், தூக்கம் பத்திக் கேட்டவங்க மன்னிக்கணும் (இருமறவங்க வீட்டுல தூக்கமும் போயிருக்கும், அது வேற விஷயம்).

கேள்வி: டாக்டர், எனக்கு 38 வயசு. 6 வாரம் முன்னாடி சாதாரண ஜலதோஷமா ஆரம்பிச்சுது, காய்ச்சல் 3 நாள்ல விட்டுடுச்சு, மூக்கு ஒழுகறதும் நின்னுடுச்சு, ஆனா இருமல் மட்டும் போகவே மாட்டேங்குது. பேசினா இருமல், சிரிச்சா இருமல், ஏசி ரூமுக்குள்ள கால வெச்சா இருமல். ராத்திரி 2 மணிக்கு எழுந்து உக்காந்து இருமறேன். விலா எல்லாம் வலி. சொல்லவே கூச்சமா இருக்கு, சில நேரம் இருமும்போது சிறுநீர் கூட கசிஞ்சுடுது. 3 பாட்டில் சிரப், 2 கோர்ஸ் ஆன்டிபயாடிக், இஞ்சிக் கஷாயம், தேன், ஆவி எல்லாம் பாத்தாச்சு. எக்ஸ்ரே நார்மல்னு சொல்லிட்டாங்க. இன்னும் எதை நான் விட்டுட்டேன்? (பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகி)

பதில்: நீங்க எதையும் விடலம்மா, ரொம்ப அதிகமா தான் பண்ணிட்டீங்க. முதல்ல ஒரு கணக்கு சொல்றேன். பெரியவங்களுக்கு 3 வாரத்துக்குள்ள இருக்கற இருமலை ஒரு ரகம்னு வெச்சுக்கறோம், 3ல இருந்து 8 வாரம் வரைக்கும் ரெண்டாவது ரகம், 8 வாரம் தாண்டினா தான் நாள்பட்ட இருமல்னு பேரு. நீங்க நடு ரகத்துல இருக்கீங்க. இந்த நடு ரகத்துல பெரும்பாலானது வைரஸ் வந்துட்டுப் போன பிறகு மிச்சம் நிக்கற இருமல். கிருமி எப்பவோ போயிடுச்சு, ஆனா அது போகும்போது மூச்சுக்குழாயோட உள்பக்கத் தோலை உரிச்சுட்டுப் போயிருக்கு. முழங்கால் சிராய்ச்சா அந்த இடத்துல காத்து பட்டாலே எரியும் இல்லையா, அதே மாதிரி தான் உள்ளயும். அந்தத் தோல் மூடி, அது மேல இருக்கற பொடி முடிங்க திரும்ப முளைச்சு, கீழ இருக்கற நரம்பு அடங்கறதுக்கு வாரக்கணக்குல ஆகும், அதுவரைக்கும் குளிர்க் காத்து, சிரிப்பு, சென்ட் வாசனை, போன்ல ரெண்டு வாக்கியம் சேர்ந்தாப்புல பேசறது எல்லாமே அந்த நரம்புக்கு ஆபத்து மணி தான்.

ஜலதோஷ இருமல் எத்தனை நாள்ல போகணும்னு ஜனங்களைக் கேட்டா 7, 8 நாள்னு சொல்றாங்க. நிஜத்துல மார்புச் சளி பிடிச்சா சராசரியா 18 நாள் இருக்கும். இந்த 10 நாள் வித்தியாசத்துல தான் உலகத்துல பாதி ஆன்டிபயாடிக் வித்துப்போகுதுன்னு எனக்கு ஒரு சந்தேகம். எட்டாம் நாள் பயம் வருது, ஒன்பதாம் நாள் டாக்டர்கிட்ட போறோம், அவர் ஒரு மாத்திரை எழுதறார், பதினெட்டாம் நாள் இருமல் தானா நிக்குது, பேர் மாத்திரைக்கு. உங்களுக்கு ரெண்டு கோர்ஸும் வேலை செய்யலன்னா மருந்து வீக்குன்னு அர்த்தம் இல்ல, அங்க கொல்றதுக்கு ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்.

அந்த 3 பாட்டிலையும் எடுத்து லேபிளைப் படிங்க. இருமலை அடக்கற மருந்து ஒண்ணு, சளியை இளக்கி வெளிய தள்ளற மருந்து ஒண்ணு, தூக்கம் வரவெக்கற அலர்ஜி மருந்து ஒண்ணு, மூணும் ஒரே பாட்டில்ல இருக்கும். ஒரு கால் பிரேக்குல, ஒரு கால் ஆக்ஸிலேட்டர்ல, கண்ணு பாதி மூடி வண்டி ஓட்டற மாதிரி. வரட்டு இருமலுக்கு சளி இளக்கி தேவையே இல்ல, கோழை நிறைய வர்றவங்களுக்கு அடக்கி குடுத்தா வெளிய வர வேண்டியது உள்ளயே தங்கிடும். ஒரு மருந்து மட்டும் இருக்கற பாட்டில் கேட்டு வாங்குங்க, அதுவும் ராத்திரிக்கு மட்டும்.

தேன் நல்லது தான், ஆனா நீங்க அதை எப்படி எடுத்தீங்கன்னு எழுதல. கஷாயத்துல கலக்கி மடக்குன்னு குடிச்சா தொண்டையில நிக்காம வயித்துக்குப் போயிடும். படுக்கறதுக்கு முன்னாடி ஒரு ஸ்பூன், ரெண்டு ஸ்பூன் அப்படியே நாக்குல விட்டு மெதுவா இறங்க விடுங்க, அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் தண்ணி வேண்டாம். தொண்டையில அது ஒரு பூச்சு மாதிரி ஒட்டி நிக்கறதும், இனிப்பு பட்டா எச்சில் ஊறறதும் தான் வேலை செய்யுது. சர்க்கரை வியாதி இருந்தா அந்த ரெண்டு ஸ்பூனையும் கணக்குல சேருங்க.

அடுத்தது தான் முக்கியம், இதை யாரும் சொல்லிக் குடுக்கறதில்ல. தொண்டையில கமறல் ஆரம்பிக்கும் பாருங்க, இருமறதுக்கு 2, 3 செகண்ட் முன்னாடி, அந்த நேரத்துல வாயை மூடிக்கிட்டு எச்சிலை ஒரு தடவ முழுங்குங்க, மூக்கு வழியா மெதுவா சின்ன மூச்சு, விடும்போது உதட்டைக் குவிச்சு ஊதற மாதிரி விடுங்க, ஒரு வாய் தண்ணி சப்பிக் குடிங்க. ஆழமா மூச்சு இழுக்கவே கூடாது, இழுத்தா அடுத்த இருமலுக்கு நீங்களே காத்து அடைச்சுக் குடுத்த மாதிரி. ஒவ்வொரு இருமலும் அந்த உரிஞ்ச தோலை இன்னொரு தடவ உரசுது, அது அடுத்த இருமலைக் கூப்பிடுது, அந்த வளையத்தை எங்கயாவது அறுக்கணும். முதல் நாள் பத்துல ரெண்டு தான் நிறுத்த முடியும், ஒரு வாரம் பண்ணினா பாதி நிக்கும். இதையே பேச்சுப் பயிற்சி நிபுணர்கள் முறையா சொல்லிக் குடுக்கறாங்க, பல வருஷமா இருமறவங்களுக்குக் கூட.

செருமற பழக்கம் இருந்தா அதையும் விடுங்க, அதுவும் குட்டி இருமல் தான்.

ரெண்டு விஷயம் உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. ஒண்ணு, கக்குவான் இருமல். அது குழந்தைங்க வியாதின்னு நெனைக்கறோம், ஆனா சின்ன வயசுல போட்ட ஊசியோட பலம் வருஷம் போகப் போக குறைஞ்சுடும், பெரியவங்களுக்கும் வரும். "வூப்"னு மூச்சை இழுக்கற சத்தம் பெரியவங்களுக்கு வராமலே இருக்கலாம். ஒரே மூச்சுல பத்துப் பதினஞ்சு இருமல், முகம் செவந்து, கடைசில வாந்தி, நடுவுல ஆள் நல்லா இருக்கறது, இப்படி இருந்தா சந்தேகப்படணும். போர்டே, ஜாங்கூன்னு ரெண்டு பேர் 1906லயே இந்தக் கிருமியைப் பிரிச்சு எடுத்துட்டாங்க, நூறு நாள் இருமல்னு இன்னொரு பேரே இதுக்கு உண்டு. முதல் 3 வாரத்துல ஆன்டிபயாடிக் குடுத்தா அடுத்தவங்களுக்குப் பரவாது, அதுக்கப்புறம் குடுத்து இருமல் ஒண்ணும் குறையாது. ஆனா உங்க வீட்டுல கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தா இதை உடனே டாக்டர்கிட்ட சொல்லுங்க, பச்சக் குழந்தைக்கு இது உயிர் போற வியாதி.

ரெண்டாவது ஆஸ்துமா. இழுப்பே இல்லாம வெறும் இருமலா மட்டும் வர்ற ஆஸ்துமா உண்டு. ராத்திரி 2, 3 மணிக்கு எழுப்பறது, குளிர்க் காத்துக்கு வர்றது, மாடி ஏறினா வர்றது, இதெல்லாம் அந்தப் பக்கம் கை காட்டுது. எக்ஸ்ரேல தெரியாது, ஊதிப் பாக்கற டெஸ்ட்டுல தான் தெரியும், சில நேரம் அதுவும் நார்மலா இருந்து இன்ஹேலர் சில வாரம் குடுத்துப் பாத்து தான் முடிவு பண்ணுவோம். இன்ஹேலர்னா பழகிடும்னு பயப்படாதீங்க, சிரப்ல வயிறு, ரத்தம்னு ஊர் சுத்திப் போற மருந்தை விட இது நேரா போக வேண்டிய இடத்துக்குப் போகுது, அளவும் ரொம்பக் கம்மி.

அப்புறம் கசிவு பத்தி. கூச்சப்படவே வேண்டாம், நாள்பட்டு இருமற பெண்கள் நிறைய பேருக்கு இது இருக்கு, கேட்டா தான் சொல்றாங்க. இருமல் வரப்போகுதுன்னு தெரிஞ்ச உடனே சிறுநீரைப் பாதில நிறுத்தற மாதிரி கீழ்த்தசையை இறுக்கிட்டு அப்புறம் இருமுங்க, நின்னுக்கிட்டு இருந்தா ஒரு காலை மத்த கால் மேல குறுக்க போட்டுக்குங்க. அந்தத் தசைக்கு தினமும் பயிற்சி பண்ணினா சில மாசத்துல நல்லா தேறும். விலா வலிக்கு ஒரு தலகாணியை அந்தப் பக்கம் அணைச்சுப் பிடிச்சுட்டு இருமுங்க. விரலால தொட்டா ஒரே புள்ளில சுருக்னு வலிச்சா காட்டுங்க, இருமியே விலா எலும்பு கீறல் விட்டவங்க உண்டு.

கேள்வி: ஐயா, என் அம்மாவுக்கு 61 வயசு. 4 மாசமா வரட்டு இருமல், சளியே இல்ல. அலர்ஜின்னு சொல்லி மாத்திரை குடுத்தாங்க, கேக்கல. இப்போ அதிமதுரம் வாயில அடக்கிக்கிட்டே இருக்காங்க, அது கொஞ்சம் இதமா இருக்காம். பிபிக்கு மட்டும் மாத்திரை சாப்பிடறாங்க, வேற வியாதி இல்ல.

பதில்: தம்பி, கடைசி வரியை முதல் வரியா எழுதியிருக்கணும் நீங்க.

என் சொந்தக் கதை சொல்றேன், இதுல வெக்கப்பட வேண்டியது நான் மட்டும் தான். எங்கம்மா இதே மாதிரி 3 மாசம் இருமினாங்க. நான் என்னென்னமோ சிரப் குடுத்தேன், மூக்குக்கு ஸ்ப்ரே குடுத்தேன், போர்வையை மாத்தினேன், ஜன்னல் தூசுன்னு திட்டினேன். ஒரு நாள் ராத்திரி அவங்க மூக்குக்கண்ணாடி டப்பா பக்கத்துல மாத்திரை அட்டை ஒண்ணு பாதி காலியா கிடந்தது, எடுத்துப் பாத்தா எனாலாபிரில். எழுதிக் குடுத்ததே நான் தான்! அடுத்த நாள் மாத்தினேன், மூணாவது வாரம் வீடு அமைதி. "ஊரான் வீட்டு இருமலுக்கு எல்லாம் மருந்து சொல்றே, பெத்தவ மாத்திரை உன் கண்ணுல படல"ன்னு அம்மா இன்னிக்கும் சொல்லிக் காட்டுவாங்க.

விஷயம் இது தான். எனாலாபிரில், ராமிபிரில், லிசினோபிரில்னு 'பிரில்'ல முடியற மாத்திரைங்க ஒரு குடும்பம். இதயத்துக்கும் கிட்னிக்கும் அருமையான மருந்துங்க. ஆனா உடம்புல பிராடிகைனின்னு ஒரு பொருளை உடைக்கற என்சைமையும் சேத்து அடக்கிடுது, அந்தப் பொருள் மூச்சுக்குழாய்ல தேங்கி நரம்பைக் கிள்ளிக்கிட்டே இருக்கும். எல்லாருக்கும் வராது, சாப்பிடறவங்கள்ல சிலருக்குத் தான், பெண்களுக்குக் கொஞ்சம் அதிகம். மாத்திரை ஆரம்பிச்ச அன்னிக்கே வரலாம், பல மாசம் கழிச்சும் வரலாம், அதனால தான் யாருக்கும் சந்தேகம் வர்றதில்ல. நிறுத்தினா பெரும்பாலும் 1ல இருந்து 4 வாரத்துல போயிடும், சிலருக்கு 3 மாசம் வரை இழுக்கும். எந்த சிரப்பும் எந்தக் கஷாயமும் இதுக்குப் பிரயோஜனம் இல்ல.

நீங்களா நிறுத்திடாதீங்க, பிபி ஏறிக்கும். அட்டையை எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட "இது பிரில் குடும்பமா"ன்னு கேளுங்க, ஆமான்னா லோசார்டன், டெல்மிசார்டன் மாதிரி 'சார்டன்'ல முடியற மாத்திரைக்கு மாத்துவார், அதுல இந்த இருமல் ரொம்ப அபூர்வம். அந்தக் குடும்பமே இல்லன்னா 4 மாச இருமலுக்கு எக்ஸ்ரேல இருந்து ஆரம்பிக்கணும்.

அதிமதுரத்தை இன்னிக்கே நிறுத்தச் சொல்லுங்க. தொண்டைக்கு இதம் தான், மறுக்கல, ஆனா அதுல இருக்கற கிளைசிரைசின் உப்பையும் தண்ணியையும் உடம்புல பிடிச்சு வெச்சு பிபியை ஏத்தும், பொட்டாசியத்தை இறக்கும். ஒரு பக்கம் மாத்திரை பிபியை இறக்குது, இன்னொரு பக்கம் வேர் ஏத்துது. என்னிக்காவது ஒரு துண்டு வேற, நாள் பூரா வாயில அடக்கறது வேற.

கேள்வி: என் குழந்தைக்கு 8 மாசம். இருமல், மூக்கடைப்பு. மாமியார் நாக்குல தேன் தடவச் சொல்றாங்க, என் வீட்டுக்காரர் அண்ணன் பையனுக்கு வாங்கின சிரப்ல பாதி டோஸ் குடுக்கலாம்னு சொல்றார். யார் சொல்றது சரி?

பதில்: ரெண்டு பேரும் தப்பு.

1 வயசு வரைக்கும் தேன் ஒரு சொட்டு கூட கூடாது. தேன்ல பாட்டுலிசம் கிருமியோட வித்து இருக்கலாம், பெரியவங்க குடல்ல அது முளைக்காது, குழந்தை குடல்ல முளைச்சு விஷம் கக்கி தசையெல்லாம் துவண்டு போகும், மூச்சுத் தசை உட்பட. காய்ச்சினா போயிடும்னு நெனைக்காதீங்க, அந்த வித்து சமையல் சூட்டுக்கு எல்லாம் சாகாது. மாமியார்கிட்ட சண்டை போடாதீங்க, பிறந்த நாள் கழிச்சு குடுக்கலாம் அத்தைன்னு சொல்லிடுங்க, 1 வயசுக்கு மேல இருமலுக்குத் தேன் நிஜமாவே நல்ல மருந்து தான்.

சிரப் விஷயம் அதை விட மோசம். அமெரிக்காவுல 2008லயே 2 வயசுக்குக் கீழ கடைல வாங்கற இருமல், சளி மருந்து வேண்டாம்னு அரசு மருந்துத்துறை சொல்லி, கம்பெனிங்க லேபிள்ல 4 வயசுன்னே போட்டுட்டாங்க. சின்னப் பிள்ளைங்களுக்கு இதுங்களால பலன் நிரூபணம் ஆகல, ஆபத்து ஆகியிருக்கு. கோடீன் (அபின் வகை இருமல் அடக்கி) கலந்த சிரப்பை 12 வயசு வரைக்கும் நெனைச்சே பாக்கக் கூடாது, சிலரோட கல்லீரல் அதை மின்னல் வேகத்துல மார்ஃபினா மாத்திடும், தூக்கத்துல மூச்சு நிக்கும். இன்னொரு பயமும் இருக்கு. 1937ல அமெரிக்காவுல ஒரு மருந்தை டைஎத்திலீன் கிளைக்கால்ங்கற நச்சுல கரைச்சு குடுத்து 100 பேருக்கு மேல செத்தாங்க, அந்த அழிவுக்கு அப்புறம் தான் மருந்துச் சட்டமே அங்க கடுமையாச்சு. 85 வருஷம் கழிச்சு 2022ல ஆப்பிரிக்கால இருக்கற காம்பியாவுல குழந்தைங்க கிட்னி செயலிழந்து செத்தப்போ, அங்க புழங்கின இருமல் சிரப்புங்கள்ல அதே நச்சு இருந்ததா உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விட்டுது. தேவையே இல்லாத ஒரு பாட்டிலுக்காக இந்த ரிஸ்க் எதுக்கு?

என்ன பண்ணலாம்னா, மூக்குல உப்புத் தண்ணி சொட்டு மருந்து ஒவ்வொரு பக்கமும் ரெண்டு சொட்டு, பால் குடிக்கறதுக்கும் தூங்கறதுக்கும் முன்னாடி. பால் கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி. கற்பூரம் கலந்த தைலம் 2 வயசு வரைக்கும் வேண்டாம். அப்புறம் குழந்தை தூங்கும்போது சட்டையைத் தூக்கி, கடிகாரம் பாத்து முழுசா 1 நிமிஷம் மூச்சை எண்ணுங்க. 2 மாசத்துல இருந்து 1 வயசு வரைக்கும் 50ஐத் தொட்டா வேகமான மூச்சு, 1 வயசுக்கு மேல 40. விலாவுக்குக் கீழ குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உதடு நீலமானாலோ எண்ணிக்கிட்டு இருக்காம கிளம்புங்க. நல்லா விளையாடின குழந்தை திடீர்னு இரும ஆரம்பிச்சா, வாயில எதையாவது போட்டுதான்னு யோசிங்க.

கேள்வி: எங்க வீட்டுல தினம் சண்டை. நான் மூலிகை தான் பக்கவிளைவு இல்லாததுன்னு சொல்றேன், என் மனைவி இங்கிலீஷ் மருந்து தான் கேக்கும்னு சொல்றா. நீங்க எந்தக் கட்சி?

பதில்: வேலை செய்யற கட்சி சார்.

நீங்க சண்டை போடற ரெண்டும் பல நேரம் ஒரே மரத்துல இருந்து வந்தது. ஆடாதோடை இலையில வாசிசின்னு ஒண்ணு இருக்கு, அதை வெச்சு தான் சிரப்ல போடற ப்ரோம்ஹெக்சின்ங்கற சளி இளக்கியைப் பண்ணினாங்க, அது உடம்புல மாறி வர்றது தான் அம்ப்ராக்ஸால். உங்க கஷாயமும் உங்க மனைவியோட சிரப்பும் பங்காளிங்க. வித்தியாசம் என்னன்னா சிரப்ல எத்தனை மில்லிகிராம்னு எழுதியிருக்கும், கஷாயத்துல இலை எவ்வளவு, எவ்வளவு கொதிச்சுதுன்னு தினம் ஒரு கணக்கு. கர்ப்பமா இருக்கறவங்க ஆடாதோடையை தொடக்கூடாது, கருப்பையைச் சுருக்கும். பக்கவிளைவு இல்லாததுன்னு சொன்னீங்களே, அதுக்குத் தான் இது.

அந்தப் பக்கமும் ஒண்ணும் யோக்கியம் இல்ல. 1898ல ஜெர்மனில பேயர் கம்பெனி ஹெராயினை இருமல் மருந்தாத் தான் கடைக்குக் கொண்டு வந்துது! இருமலை அடக்க இப்போ அதிகமா விக்கற டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான்ங்கற மருந்தை 2007ல 105 பிள்ளைங்ககிட்ட தேனோட சேத்து சோதிச்சுப் பாத்தாங்க, ராத்திரி இருமலுக்குத் தேன் தான் முன்னாடி நின்னுது, அந்த மருந்து ஒண்ணுமே குடுக்காத பிள்ளைங்களை விடப் பெருசா ஒண்ணும் சாதிக்கல. இங்கிலாந்துல 2018ல வந்த அரசு வழிகாட்டுதல்லயே புது இருமலுக்கு முதல்ல தேனைப் பாருங்கன்னு எழுதிட்டாங்க. மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடறவங்க டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் வாங்கறதுக்கு முன்னாடி கண்டிப்பா கேக்கணும், ரெண்டும் சேர்ந்தா உடம்பு நடுங்கி, வேர்த்து, ஆஸ்பத்திரி வரைக்கும் போகலாம்.

இஞ்சித் தண்ணி குடிங்க, தப்பே இல்ல, சூடும் காரமும் எச்சிலை ஊற வெக்கும். உப்புத் தண்ணி கொப்பளிங்க. மிண்ட் மிட்டாய் சப்புங்க, மெந்தால் நரம்புகிட்ட "குளிருது"ன்னு பொய் சொல்லி கொஞ்ச நேரம் ஏமாத்தும். ஆவி பிடிக்கறது மட்டும் எனக்குப் பிடிக்கல, பலன் கொஞ்சம் தான், ஆனா கொதிக்கற பாத்திரம் மடில கவுந்து வெந்துபோன பிள்ளைங்களைப் பாத்திருக்கேன். வெந்நீர்ல குளிக்கும்போது வர்ற ஆவி போதும்.

கேள்வி: சளி பச்சையா வருது. ஆன்டிபயாடிக் வேணும் தானே?

பதில்: வேண்டாம், நிறத்தைப் பாத்து மட்டும் வேண்டாம். அந்தப் பச்சை உங்க வெள்ளை அணுக்கள்ல இருக்கற ஒரு என்சைமோட நிறம், வைரஸோட சண்டை போட்டாலும் அதே பச்சை தான். சாதாரண ஜலதோஷத்துலயே வெள்ளை, மஞ்சள், பச்சைன்னு மாறி அப்புறம் வெளுக்கும். காய்ச்சல் விட்டு திரும்ப ஏறினாலோ மூச்சு வாங்கினாலோ வாங்க.

கேள்வி: காலையில எழுந்த உடனே தொண்டை கட்டிக்கிட்டு இருமல், படுத்தாலும் இருமல். ஆசிட்னு சொல்லி 3 மாசமா வயித்து மாத்திரை சாப்பிடறேன், நெஞ்சு எரிச்சல் எனக்கு எப்பவுமே இருந்ததில்ல. இருமல் அப்படியே இருக்கு.

பதில்: நெஞ்சு எரிச்சல், எதுக்களிப்பு எதுவும் இல்லாதவங்களுக்கு வெறும் ஆசிட் மாத்திரை இருமலை நிறுத்தறது கஷ்டம். இத்தனை நாள் கேக்கலன்னா நிறுத்தறது பத்தி டாக்டர்கிட்ட பேசுங்க. அதுக்குப் பதிலா படுக்கறதுக்கு 3 மணி நேரம் முன்னாடி சாப்பாட்டை முடிங்க, கட்டில் தலைமாட்டுக் கால் ரெண்டுக்கும் அடியில 15, 20 செ.மீ உயரத்துக்குக் கட்டை வைங்க. தலகாணி மேல தலகாணி போட்டா இடுப்புல மடங்கி வயித்தை அமுக்கும், அது இன்னும் மோசம்.

ஆனா உங்க கதையைப் படிச்சா எனக்கு மூக்கு மேல தான் சந்தேகம். படுத்தா மூக்குல இருந்து தொண்டைக்குப் பின்னால ஒழுகுதா, அடிக்கடி செருமறீங்களா, ஒரு பக்கம் அடைக்குதா? ஆமான்னா உப்புத் தண்ணில மூக்கைக் கழுவுங்க, கொதிக்க வெச்சு ஆறின தண்ணி மட்டும், குழாய்த் தண்ணி நேரா கூடவே கூடாது. ஸ்டீராய்டு ஸ்ப்ரே எழுதிக் குடுத்தா, வலது கையால இடது மூக்குக்கு, இடது கையால வலது மூக்குக்கு அடிங்க. அப்போ தான் முனை நடுத்தண்டைப் பாக்காம வெளிப்பக்கம் கண்ணு ஓரத்தைப் பாக்கும். அடிச்ச உடனே பலமா உறிஞ்சாதீங்க, மருந்து தொண்டைக்குப் போயிடும். ரெண்டு நாள்ல பலன் இல்லன்னு தூக்கிப் போடறவங்க தான் அதிகம், அதுக்கு 2 வாரமாவது குடுக்கணும்.

கேள்வி: சிகரெட்டை விட்டு 3 வாரம் ஆச்சு. விட்ட பிறகு இருமல் அதிகமாயிடுச்சு. திரும்ப ஆரம்பிச்சுடலாமான்னு தோணுது.

பதில்: ஐயோ வேண்டாம் சார். இத்தனை வருஷம் புகையில மயங்கிக் கிடந்த மூச்சுக்குழாய்ப் பொடி முடிங்க இப்போ தான் எழுந்து பழைய குப்பையைக் கூட்டித் தள்ளுது, பெருக்கும்போது தூசு பறக்கத் தான் செய்யும். சில வாரத்துல அடங்கும். அடங்கலன்னாலோ, பழகின இருமலோட சத்தமே மாறியிருந்தாலோ, 40 வயசைத் தாண்டியிருந்தா எக்ஸ்ரே எடுத்துடுங்க, தள்ளிப் போடாதீங்க.

கேள்வி: எல்லாத்துக்கும் பொறுங்கன்னு சொல்றீங்க. எப்போ தான் டாக்டர், பயப்படணும்?

பதில்: நியாயமான கேள்வி. கோழையில ரத்தம், துளியா இருந்தாலும். நடந்தா மூச்சு வாங்கறது, நெஞ்சு வலி. காரணம் இல்லாம எடை குறையறது, சாயந்திரக் காய்ச்சல், ராத்திரி சட்டை நனையற அளவுக்கு வேர்வை. குரல் கட்டி 3 வாரமா திரும்பல, முழுங்கக் கஷ்டம். கால் வீங்கி, மல்லாந்து படுத்தா இருமல் அதிகமாகுதுன்னா அது நுரையீரல் இல்ல, இதயமா இருக்கலாம். இதுல ஒண்ணு இருந்தாலும் வாரக் கணக்கெல்லாம் பாக்க வேண்டாம்.

அப்புறம் டிபி. ராபர்ட் கோக் அந்தக் கிருமியை 1882ல காட்டிட்டார், 6 மாச மாத்திரைல குணமாகற வியாதி தான், ஆனா இன்னிக்கும் கொன்னுக்கிட்டு இருக்கு. டிபி அதிகமா இருக்கற நாட்டுல வாழறவங்களுக்கும், டிபி இருக்கறவங்களோட ஒரே வீட்டுல இருந்தவங்களுக்கும் 2 வாரம் தாண்டின இருமலே போதும், சளி டெஸ்ட் பண்ணிடணும். மேல முதல் கடிதம் எழுதின அம்மாவுக்கும் சேத்து தான் சொல்றேன், எக்ஸ்ரே நார்மல்னு சொன்னது நல்லது, கோழை வந்தா அதையும் ஒரு தடவ குடுத்துடுங்க. டெஸ்ட்டுக்குக் குடுக்கறது எச்சிலா இருக்கக் கூடாது, நெஞ்சுல இருந்து காறி எடுத்ததா இருக்கணும், காலையில எழுந்த உடனே வர்றது தான் நல்லது.

கேள்வி: இதைக் கேக்கலாமான்னு தெரியல. காது குடைஞ்சா எனக்கு இருமல் வருது. மனசுப் பிரமையா?

பதில்: பிரமை இல்ல! இருமலைக் கிளப்பற அந்த வேகஸ் நரம்போட ஒரு கிளை காது ஓட்டைக்குள்ள வருது. அங்க குச்சி பட்டா மூளை தொண்டையில ஏதோ பட்டுடுச்சுன்னு நெனைச்சு இரும வெக்குது, எல்லாருக்கும் இல்ல, சிலருக்கு. காதுல கட்டின அழுக்கோ, செவிப்பறையைத் தொட்டுக்கிட்டு இருந்த ஒரே ஒரு முடியோ எடுத்த உடனே மாசக்கணக்கா இருந்த இருமல் நின்னவங்க கூட இருக்காங்க. அதனால காரணம் தெரியாம இருமறவங்க காதையும் ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிடுங்க. குச்சியை மட்டும் தூரப் போடுங்க, நீங்க குடைய குடைய அழுக்கு உள்ள தான் போகுது.